நுரை போனால் ஈரல்: கட்டிலருகே ஸ்கேன் வைத்து நிமோனியாவைக் கண்டுபிடிப்பது எப்படி?

நுரையீரல் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நுரை, ஈரல். கல்லீரல் கெட்டியானது, கையில் எடுத்தால் கனக்கும். நுரையீரல் லேசானது, அழுத்தினால் அமுங்கும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். உள்ளே இருக்கும் 30 கோடிக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு காற்றறைகள்தான் அந்த நுரை. நிமோனியா என்பது அந்த நுரையை அழிக்கும் தொற்று. காற்று இருக்க வேண்டிய அறைகளில் சீழும் நீரும் வெள்ளணுக்களும் புகுந்து நிறைந்துவிடுகின்றன. நுரை போனால் மிஞ்சுவது ஈரல்தானே? அல்ட்ராசவுண்ட் திரையில் அந்தப் பகுதி உண்மையிலேயே கல்லீரலைப் போலத்தான் தெரியும். நுரையீரல் ஸ்கேனில் பாதி விஷயம் இந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

வயிற்றுக்கும் கர்ப்பத்துக்கும் ஸ்கேன் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். அதே கருவியை நெஞ்சில் வைத்து நிமோனியாவைக் கண்டுபிடிக்கலாம் என்பது பலருக்குப் புதிய செய்தி. மருத்துவர்களுக்கே அது நெடுநாள் வரை தெரியாதுதான். காற்று நிறைந்த உறுப்பை ஒலியால் பார்க்க முடியாது என்றே அவர்கள் படித்து வந்தார்கள். 1990-களில் டேனியல் லிஷ்டென்ஸ்டைன் என்ற பிரெஞ்சு மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் நெஞ்சில் கருவியை வைத்துப் பொறுமையாகப் பார்த்து, வீண் என்று ஒதுக்கப்பட்ட திரைக் கோடுகளுக்குப் பொருள் உண்டு என்று காட்டினார். 2008-ல் அவரும் மெசியேர் என்ற மருத்துவரும் வெளியிட்ட ஆய்வில், கடும் மூச்சுத் திணறலோடு வந்த 260 பேரின் நுரையீரலையும் ரத்தநாளங்களையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 90.5 சதவீதம் பேருக்குக் காரணம் சரியாகக் கிடைத்தது. 2012-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டார்கள்.

அவசர சிகிச்சையில் இதற்கு ஏன் இத்தனை மதிப்பு? ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எழுபது வயது. இரண்டு நாளாக இருமல், லேசாகக் காய்ச்சல், ஏற்கெனவே இதய நோய் உண்டு. இப்போது ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியவில்லை. நிமோனியாவா? இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா? நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா? மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருக்கின்றனவா? வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஒரே மூச்சிரைப்புதான். மருத்துவமோ ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகும். இதயக் கோளாறு என்றால் உடலிலிருந்து நீரை வெளியேற்ற மருந்து. நிமோனியா முற்றி ரத்த அழுத்தம் இறங்கியிருந்தால் ஆன்டிபயாடிக்கோடு, பல சமயம் நரம்பு வழியாகத் திரவமும் ஏற்ற வேண்டும். மாற்றிக் கொடுத்தால் நோயாளியின் நிலை இன்னும் மோசமாகும்.

ஸ்டெதஸ்கோப் 1816-லிருந்து இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கூச்சலும் அலாரமும் நிறைந்த அறையில், வேகவேகமாக மூச்சு வாங்கும் ஒருவரிடம், அதில் கேட்கும் கரகரப்பு சளியா நீரா என்று சொல்வது கடினம். அடுத்தது எக்ஸ்ரே. நிற்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி எடுத்தால் நல்ல படம் கிடைக்கும். நிற்க முடியாதவரைப் படுக்கவைத்து எடுக்கும்போது இதயம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும், தோள்பட்டை எலும்புகள் குறுக்கே விழும், தேங்கிய நீர் முதுகுப் பக்கம் பரவிக் கண்ணுக்குச் சிக்காமல் போகும். இதயத்தின் பின்னாலும் உதரவிதானத்தின் பின்னாலும் ஒளிந்திருக்கும் நிமோனியா எளிதில் தப்பிவிடும். சி.டி. ஸ்கேன் இவை எல்லாவற்றையும் துல்லியமாகக் காட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் கதிர்வீச்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு அதிகம். அதோடு, உயிருக்குப் போராடும் ஒருவரை இன்னொரு அறைக்குக் கொண்டுபோய்த் தட்டையாகப் படுக்கவைத்தாக வேண்டும். அல்ட்ராசவுண்ட் கருவி நோயாளியின் கட்டிலுக்கே வந்துவிடுகிறது, கதிர்வீச்சும் கிடையாது. நோயாளியை விசாரித்து, தொட்டுப் பரிசோதிக்கும் அதே டாக்டர், அதே நிமிடத்தில் உள்ளேயும் எட்டிப் பார்க்கிறார்.

சரி, ஒலியால் எப்படிப் பார்ப்பது? நம் காதுக்கு எட்டும் ஒலி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான். நெஞ்சில் வைக்கும் கருவி நொடிக்கு 30 லட்சம், 50 லட்சம் என்ற அளவில் அதிரும். டாக்டர் கையில் பிடித்திருக்கும் புரோப் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருக்கும். உடல் திசுவுக்குள் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் வேகத்தில் போகும். எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, அது எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று கருவி கணக்குப் போட்டுத் திரையில் ஒரு புள்ளி வைக்கும். பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்வர ஒரு நொடியில் 7,700-ல் ஒரு பங்குதான் ஆகும்.

திசுவிலிருந்து திசுவுக்குப் போகும்போது ஒலியில் கொஞ்சம் திரும்பும், மீதி உள்ளே போகும். அதனால்தான் கல்லீரலுக்குள்ளும் சிறுநீரகத்துக்குள்ளும் பார்க்க முடிகிறது. திசுவிலிருந்து காற்றுக்குள் நுழையும் இடத்தில் கதையே வேறு. அங்கே 99 சதவீதத்துக்கும் மேலான ஒலி சுவரில் மோதியதுபோலத் திரும்பி வந்துவிடும். புரோப்புக்கும் தோலுக்கும் நடுவே ஜெல் தடவுவது இதற்காகத்தான். நடுவில் மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலும் ஒலி உடலுக்குள்ளேயே போகாது.

ஆக, நலமான நுரையீரலை அல்ட்ராசவுண்டில் பார்க்கவே முடியாது. இதை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள், புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். வயிற்று ஸ்கேனில் உறுப்பு தெளிவாகத் தெரிவது நல்லது. நெஞ்சு ஸ்கேனில் நுரையீரலின் உட்புறம் தெளிவாகத் தெரிந்தால், அங்கே காற்று இல்லை என்று அர்த்தம். நலமான நுரையீரல் திரையில் காட்டுவதெல்லாம் அதன் மேல் விளிம்பையும், அந்த விளிம்பின் எதிரொலிகளையும்தான்.

புரோப்பை இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே, தலையிலிருந்து கால் பக்கமாக நெடுக்காக வைத்தால் முதலில் கண்ணில் படுவது இரண்டு எலும்புகளும் அவற்றின் கருநிழல்களும். இரண்டுக்கும் நடுவே, சற்றுக் கீழே, பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலத்தை உறை என்பார்கள்; நெஞ்சுச் சுவரும் நுரையீரலும் தொட்டுக்கொள்ளும் உறைக்கோடு அது. மூச்சு விடும்போது அந்தக் கோடு முன்னும் பின்னும் மினுமினுத்து வழுக்கும். நுரையீரல் நெஞ்சுச் சுவரை ஒட்டி நழுவுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. அதற்குக் கீழே, சம இடைவெளியில், கிடையாகச் சில மங்கலான கோடுகள் தெரியும். அவை உண்மையான பொருட்கள் அல்ல. தோலுக்கும் உறைக்கும் நடுவே ஒலி பந்துபோல மாறிமாறி மோதுவதால் உண்டாகும் பிம்பங்கள். உறைக்கோடு இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், இவை நான்கிலும் ஆறிலும் வந்து நிற்கும். இவற்றை ஏ கோடுகள் என்பார்கள். வழுக்கும் உறைக்கோடும் ஏ கோடுகளும் சேர்ந்து தெரிந்தால், அந்த இடத்தில் நுரை பத்திரமாக இருக்கிறது.

அப்புறம் நுரை நனையத் தொடங்கும் கட்டம். காற்றறைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய சுவர்கள் நீர் கோத்துத் தடிக்கின்றன. காற்றும் நீரும் கலந்து கிடக்கும் அந்த இடுக்குகளில் ஒலி சிக்கி அதிர்ந்துகொண்டே இருக்கும். திரையில் அது உறைக்கோட்டிலிருந்து கிளம்பி அடிவரைக்கும் மங்காமல் இறங்கும் செங்குத்து வெளிச்சக் கீற்றாகத் தெரியும். மூச்சோடு சேர்ந்து அதுவும் ஆடும், போகிற வழியில் ஏ கோடுகளை அழித்துவிடும். இதற்குப் பி கோடு என்று பெயர். ஓர் இடைவெளியில் ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட வேண்டாம், நலமாக இருப்பவர்களுக்கும் வரும். இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் கணக்கில் எடுக்க வேண்டும்.

முன்பு கேட்ட கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைக்கிறது. இதயக் கோளாறால் நீர் கோத்தால் பி கோடுகள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி பரவியிருக்கும், உறைக்கோடு வழவழப்பாகவே இருக்கும். நிமோனியா அப்படிச் சமமாகப் பரவாது. பல நேரம் ஒரு பக்கத்தில், ஓர் இடத்தில் கொத்தாகப் பி கோடுகள் இருக்க, பக்கத்து இடைவெளி சுத்தமாக இருக்கும். கோடுகள் கிளம்பும் இடத்தில் உறைக்கோடு தடித்தோ, கரடுமுரடாகவோ, அறுந்ததுபோலவோ தெரியும். வீக்கத்தால் உறை ஒட்டிக்கொண்டு, வழுக்குவதும் குறைந்திருக்கலாம். விதிவிலக்குகள் உண்டு. வைரஸ் நிமோனியா இரண்டு பக்கமும் திட்டுத்திட்டாக வரும், கோவிட் காலத்தில் உலகம் முழுக்க மருத்துவர்கள் இதைத் திரையில் பார்த்தார்கள். அப்போதும் நனைந்த திட்டுகளுக்கு நடுவே நலமான திட்டுகள் விட்டுவிட்டுத் தெரிவதும், உறைக்கோடு சிதைந்திருப்பதும் இதயக் கோளாறிலிருந்து பிரித்தறிய உதவும்.

கடைசிக் கட்டம், நுரை முழுதாகப் போய்விடுவது. காற்றறைகள் நிரம்பிவிட்டதால் ஒலிக்குத் தடையில்லை, உள்ளே நுழைந்துவிடும். இதுவரை வெறும் பிம்பங்கள் ஆடிய இடத்தில் இப்போது ஓர் உறுப்பு நிற்கிறது: சாம்பல் நிறம், சீரான துகள்கள், அசல் கல்லீரல். நோய்க்கூற்றியல் படித்தவர்களும் இந்த நிலையைக் கல்லீரலாக மாறுவது என்ற பொருளில்தான் நெடுங்காலமாகக் குறித்து வருகிறார்கள். வலது கீழ்ப்பகுதியில் நிமோனியா வந்திருந்தால் திரையில் உதரவிதானத்துக்குக் கீழே கல்லீரல், மேலேயும் ஒரு கல்லீரல். முதல் தடவை பார்க்கும்போது மனம் பதறத்தான் செய்யும்.

கெட்டியான அந்தப் பகுதியின் அடி விளிம்பைக் கவனிக்க வேண்டும். நோய் நுரையீரலின் ஒரு மடல் முழுவதையும் பிடிக்காதபோது, கெட்டியான பகுதி முடிந்து காற்றுள்ள பகுதி தொடங்கும் எல்லை நேர்கோடாக இருக்காது. துணியைக் கையால் கிழித்ததுபோலப் பிசிறுபிசிறாக இருக்கும். அந்தப் பிசிறுகளிலிருந்து கீழே பி கோடுகள் இறங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இதற்குள்ளேதான் இருக்கிறது. காற்றறைகள் சீழால் நிரம்பினாலும், அவற்றுக்குக் காற்றைக் கொண்டுவரும் மூச்சுக்குழல் பல நேரம் திறந்தே இருக்கும். குழலுக்குள் இருக்கும் காற்று, சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகளாகவும், கிளைவிட்ட வெள்ளைக் கீற்றுகளாகவும் தெரியும். இப்போது நோயாளி மூச்சை இழுக்கட்டும். அந்த வெள்ளைப் புள்ளிகள் குழல் வழியே ஓடினால், வெளியிலிருந்து காற்று இன்னும் அங்கே வந்து போகிறது, அதாவது குழல் அடைபடவில்லை, ஆனாலும் நுரையீரல் கெட்டியாகியிருக்கிறது. இது நிமோனியாவின் பக்கம் வலுவாகச் சாயும் சான்று. புள்ளிகள் அசையாமல் நின்றால், சளியோ வேறொன்றோ குழலை அடைத்து, அதற்கப்பால் நுரையீரல் காற்றிழந்து சுருங்கியிருக்கலாம். லிஷ்டென்ஸ்டைன் குழுவின் 2009 ஆய்வில், சுருங்கிய நுரையீரலிலிருந்து நிமோனியாவைப் பிரித்துக் காட்டுவதில் இந்த ஓட்டத்தின் தனித்தன்மை 94 சதவீதம், அதாவது நிமோனியா இல்லாமல் நுரையீரல் சுருங்கியிருந்தவர்களில் 94 சதவீதம் பேரிடம் இந்த ஓட்டம் தென்படவில்லை. ஆனால் நிமோனியா உள்ளவர்களில் 61 சதவீதம் பேரிடம்தான் அது தென்பட்டது. ஆக, ஓட்டம் தெரிந்தால் நம்பலாம். தெரியவில்லை என்பதால் நிமோனியாவை விலக்கிவிடக் கூடாது. எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் இந்தக் குழல்கள் தெரியும், ஆனால் அவை நின்றுபோன படங்கள். காற்று ஓடுவதைக் கண்ணெதிரே காட்டுவது அல்ட்ராசவுண்டின் தனிச் சிறப்பு.

நிமோனியாவோடு உறைக்குள் நீர் சேர்வதும் உண்டு. திரையில் அது கருமையான இடைவெளியாகத் தெரியும், சில மில்லிலிட்டர் நீரைக்கூட எக்ஸ்ரேக்கு முன்பே காட்டிக்கொடுக்கும். நீர் சுத்தக் கருப்பாக இல்லாமல் துகள்கள் மிதந்தாலோ, சிலந்தி வலைபோலத் தடுப்புகள் ஓடினாலோ, சீழ் கட்டுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அதை ஊசியால் எடுக்க நேர்ந்தால், எங்கே குத்துவது பத்திரம் என்பதையும் இதே கருவி சொல்லிவிடும்.

பார்க்கும் முறை கடினமானதல்ல. ஒவ்வொரு பக்கத்தையும் முன்புறம், பக்கவாட்டு, முதுகுப்புறம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேல், கீழ் பார்ப்பது ஒரு பரவலான வழக்கம். மொத்தம் 12 இடங்கள். பழகியவருக்குச் சில நிமிட வேலைதான். வளைந்த முகம் கொண்ட புரோப் ஆழத்தைக் காட்டும். குழந்தைகளுக்கும் உறைக்கோட்டை நுணுக்கமாகப் பார்ப்பதற்கும் தட்டையான முகம் கொண்டது நல்லது. வயிற்று ஸ்கேனுக்காகப் படத்தை மெருகேற்றும் வசதிகளை இங்கே அணைத்துவிடுவார்கள். பி கோடும் ஏ கோடும் பிம்பங்கள்தானே, மெருகேற்றினால் அவையே அழிந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதுகைப் பார்க்காமல் ஸ்கேனை முடிக்கக் கூடாது. படுத்திருப்பவரிடம் எட்டுவதற்கு எளிது என்று முன்நெஞ்சை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தும் பழக்கம் இருக்கிறது. நிமோனியாவுக்குப் பிடித்த இடமோ பின்புறக் கீழ்ப்பகுதி. உட்கார முடியாதவரைச் சற்றே ஒருக்களித்துத் திருப்பி, புரோப்பை விலாவுக்கும் மெத்தைக்கும் நடுவே நுழைத்தாவது பார்க்க வேண்டும்.

எவ்வளவு நம்பலாம்? பெரியவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2014-ல் வெளிவந்த ஓர் அலசலில், நிமோனியா உள்ள 100 பேரில் 94 பேரை ஸ்கேன் பிடித்தது, இல்லாத 100 பேரில் 96 பேரை இல்லை என்று சரியாகச் சொன்னது. குழந்தைகளைப் பற்றி 2015-ல் வந்த இதேபோன்ற அலசலில் அந்த எண்கள் 96, 93. அருமையான எண்கள்தான். ஆனால் நல்ல பயிற்சி உள்ள கைகளில் கிடைத்தவை அவை. நேற்றுதான் புரோப்பைக் கையில் எடுத்தவருக்கு இந்த எண்கள் பொருந்தாது.

குழந்தைகளுக்கு இது இன்னும் பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம். அவர்களின் நெஞ்சுச் சுவர் மெல்லியது, நுரையீரல் சிறியது, அதனால் படம் தெளிவாக விழும். அம்மா மடியிலேயே உட்காரவைத்துப் பார்த்துவிடலாம், கதிர்வீச்சும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் ஐந்து வயதுக்கு உட்பட்ட 7,40,180 குழந்தைகளை நிமோனியா கொன்றது, அந்த வயதில் நேர்ந்த மரணங்களில் 14 சதவீதம். எக்ஸ்ரே வசதி எட்டாத இடங்களுக்கும் கையடக்கக் கருவி போய்ச் சேரும் என்பதை இந்த எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிறு குழந்தைகளின் நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் சுரப்பி பெரிதாக இருக்கும். தெரியாதவர் கண்ணுக்கு அதுவும் கெட்டியான நுரையீரல்போலத் தோன்றும்.

ஏமாற்றும் இடங்கள் இன்னும் உண்டு. நலமான நெஞ்சிலும் உதரவிதானத்துக்கு மேலே கல்லீரலின் கண்ணாடிப் பிம்பம் விழும். அதில் வெள்ளைப் புள்ளிகள் ஓடாது, உறைக்கோட்டோடு அது ஒட்டியிருக்காது. இடப்பக்கம் மண்ணீரலும், உணவு நிறைந்த இரைப்பையும் குழப்பும். அதனால் முதலில் உதரவிதானத்தைக் கண்டுபிடித்து, எது நெஞ்சு எது வயிறு என்று தெளிவான பிறகே மற்றதைப் பேச வேண்டும். கெட்டியான நுரையீரல் எல்லாமே நிமோனியாவும் அல்ல. ரத்தக்கட்டியால் ரத்த ஓட்டம் நின்று இறந்த பகுதி, புற்றுக்கட்டி, அடிபட்டு ரத்தம் கசிந்த இடம் எல்லாமே கெட்டியாகத்தான் தெரியும். திரை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இங்கே காற்று இல்லை. ஏன் இல்லை என்பதைக் காய்ச்சல், இருமல், ரத்தப் பரிசோதனை, நோயாளியின் பழைய கதை எல்லாவற்றையும் சேர்த்துவைத்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எந்தக் கிருமி என்பதை ஸ்கேன் சொல்லாது.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலும் நிம்மதி அடைந்துவிட முடியாது. உறையைத் தொடாமல் நுரையீரலின் நடுவே மட்டும் இருக்கும் நிமோனியாவைக் காற்று மறைத்துவிடும். பெரும்பாலான நிமோனியா உறையைத் தொடும், அதனால்தான் இந்த முறையே நடைமுறைக்கு வந்தது. ஆனால் எல்லாமும் தொடாது. தோள்பட்டை எலும்புக்கு அடியில் உள்ள பகுதியும் தெரியாது. உடல் பருமன், நெஞ்சில் ஒட்டிய கட்டுகள், தோலுக்கடியில் புகுந்த காற்று ஆகியவையும் படத்தைக் கெடுக்கும். நோயாளியைப் பார்த்தால் நிமோனியா என்று தோன்றி, ஸ்கேன் சுத்தமாக இருந்தால், எக்ஸ்ரேயோ சி.டி.யோ எடுத்துத்தான் ஆக வேண்டும்.

மருந்து வேலை செய்கிறதா என்பதையும் தொடர்ந்து பார்க்கலாம். வந்த வழியிலேயே எல்லாம் திரும்பும். ஈரல்போல இருந்த பகுதி சுருங்கும், அதன் ஓரங்களில் பி கோடுகள் முளைக்கும், பிறகு அவை எண்ணிக்கையில் குறையும், கடைசியில் ஏ கோடுகள் வந்து படியும். ஆனால் இந்த மாற்றம் நோயாளி தேறும் வேகத்தில் நடப்பதில்லை. காய்ச்சல் விட்டு, மூச்சு சீராகி, பசி எடுத்துச் சாப்பிடத் தொடங்கியவரின் முதுகில் இன்னும் நான்கு பி கோடுகள் மிச்சம் இருந்தால், அதற்காக மட்டும் ஆன்டிபயாடிக்கை நீட்டிக்க வேண்டியதில்லை. அதுவே மூன்று நாள் மருந்துக்குப் பிறகும் காய்ச்சல் குறையாமல், திரையில் கெட்டியான பகுதி பெருத்து, பக்கத்தில் துகள் மிதக்கும் நீரும் சேர்ந்திருந்தால், மருந்தை மாற்றுவதையும் அந்த நீரை எடுத்துச் சோதிப்பதையும் அன்றைக்கே முடிவு செய்ய வேண்டும்.